உண்ணிச்செடி: அடையாளம் காண்பதும் ஒழிப்பதும் (அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்)

கோத்தகிரிக்குக் கீழே, மேட்டுப்பாளையம் இறங்கும் பக்கத்துச் சரிவில் எனக்கு ஒன்றரை ஏக்கர் நிலம் இருக்கிறது. வாங்கியபோது அதில் பாதிக்குமேல் உண்ணிப் புதர். அதை எடுத்து முடிக்க ஆறு வருடங்கள் ஆயின. அதில் முதல் இரண்டு வருடக் கூலி முழுக்க வீண். அந்தக் கதை ஊரில் பரவியதிலிருந்து, தோட்டம் வைத்திருப்பவர்கள் வழியில் நிறுத்தியும் தொலைபேசியிலும் ஒரே சந்தேகங்களைக் கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள். கேள்விகளைக் கேட்டவர்களின் வாக்கிலேயே விட்டிருக்கிறேன்.

உன்னி, உண்ணி, நாயுண்ணி, லாண்டனா என்று ஆளுக்கொரு பெயர் சொல்கிறார்களே, எல்லாம் ஒரே செடிதானா?

ஒரே செடிதான். தாவரவியலில் லாண்டனா கமாரா. எங்கள் மலையில் உண்ணிச்செடி, யாழ்ப்பாணத்தில் நாயுண்ணி. எழுத்தில் சிலர் உன்னி என்கிறார்கள். கருத்துப் பளபளக்கும் அதன் பழக்கொத்தைப் பார்க்கும்போதெல்லாம் நாயின் காதுக்குப் பின்னால் ஒட்டியிருக்கும் உண்ணிதான் எனக்கு நினைவுக்கு வருகிறது. அதனால் நான் மூன்று சுழி ணகரத்தோடு நிற்கிறேன்.

நாயுருவி வேறு. அது வேட்டியில் விதை ஒட்டிக்கொள்ளும் சிறு செடி, மருந்துக்கு ஆகும். பெயர் மயக்கத்தில் ஒருவர் நாயுருவி கேட்டு இன்னொருவர் நாயுண்ணியைப் பறித்துக் கொடுத்ததை நான் பார்த்திருக்கிறேன். மருந்துக்கென்று பறிப்பவர்கள் செடியைக் கண்ணால் பார்த்துவிட்டுப் பறிப்பது நல்லது.

பூ இல்லாத நேரத்தில் எப்படிக் கண்டுபிடிப்பது?

இளந்தண்டை இரண்டு விரலுக்கு நடுவே உருட்டிப் பாருங்கள். உருளாது, நான்கு விளிம்பு தட்டுப்படும். அந்த விளிம்புகளில் கீழ்நோக்கி வளைந்த சிறு முட்கள் இருக்கும். கை உள்ளே போகும்போது ஒன்றும் தெரியாது, வெளியே இழுக்கும்போதுதான் கீறும். முள் குறைந்த செடிகளும் உண்டு. ஆகவே முள்ளை மட்டும் நம்பவேண்டாம்.

இலைகள் எதிரெதிராக, சோடி சோடியாக வரும். மேல்பக்கம் சுருக்கம் விழுந்து உப்புத்தாள் மாதிரிச் சொரசொரக்கும், ஓரத்தில் பல்வரிசை. ஓர் இலையைக் கசக்கி முகர்ந்தால் சந்தேகம் தீர்ந்துவிடும்: காரமான, பச்சையான, சற்றுக் குமட்டும் வாடை. ஒருமுறை மூக்கில் ஏறினால் மறக்காது.

ஒரு செடியில் மஞ்சளும் ரோஸும், இன்னொன்றில் ஆரஞ்சும் சிவப்பும் பூக்கிறதே. இரண்டு வகையா?

இரண்டு காரணங்கள் கலந்திருக்கின்றன. ஒரு பூங்கொத்துக்குள்ளேயே நிறம் மாறும். ஓரத்துப் பூக்கள் முதலில் மலரும், நடுவில் இருப்பவை பிந்தி மலரும். மலர்ந்த புதிதில் மஞ்சளாக இருக்கும் பூ மகரந்தச் சேர்க்கை முடிந்ததும் ரோஸாகவோ சிவப்பாகவோ மாறிவிடும். அதனால்தான் நடுவில் மஞ்சள், சுற்றிலும் வேறு நிறம்.

மற்றது வரலாறு. இதன் பூர்வீகம் அமெரிக்கக் கண்டத்தின் வெப்பப் பகுதிகள். ஐரோப்பியத் தோட்டக்காரர்கள் அங்கிருந்து கொண்டுபோன இனங்களை ஒன்றோடொன்று கலந்து, நிறத்துக்காகவே நூற்றுக்கணக்கான கலப்பு வகைகளை உருவாக்கினார்கள். 19-ஆம் நூற்றாண்டின் முதல் பத்தாண்டில் கல்கத்தா தாவரவியல் பூங்காவுக்கும், 1826-இல் இலங்கைக்கும் அழகுச் செடியாக வந்து சேர்ந்தது இந்தக் கலவைதான். இந்தக் கலப்பு விஷயத்தை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள்; பூச்சிகளைப் பற்றிய கேள்வியில் மறுபடி வரும்.

பார்க்க அழகாக இருக்கிறது, பட்டாம்பூச்சி மொய்க்கிறது. இதைப் போய் ஏன் அழிக்கவேண்டும்?

பட்டாம்பூச்சி மொய்ப்பது உண்மை. ஆனால் அது தேன் குடிக்க வருகிறது, முட்டையிட வேறு செடியைத் தேடிப் போகிறது. புழுவுக்குத் தேவை எருக்கு, ஆவாரை, கறிவேப்பிலை போன்ற நம் செடிகள். அவை நின்ற இடத்தை உண்ணி பிடித்துக்கொண்டால் விருந்து மண்டபம் இருக்கும், வீடு இருக்காது.

காட்டில் நிலைமை இன்னும் மோசம். இந்தியாவில் புலிகள் வாழும் காடுகளில் 40 சதவீதத்துக்கும் மேல் இது பரவியிருப்பதாக இந்திய வன உயிரின நிறுவன ஆய்வாளர்கள் 2020-இல் கணக்கிட்டார்கள். புதர் அடர்ந்த இடத்தில் புல் முளைக்காது. புல் இல்லாவிட்டால் மானும் காட்டுமாடும் யானையும் மேய இடம் தேடி விளிம்புக்கு வரும். முதுமலை வழியாகப் பஸ்ஸில் போகும்போது சாலையோரத்தில் ஆளுயரப் பச்சைச் சுவரைப் பார்த்து ‘எவ்வளவு செழிப்பான காடு’ என்கிறார்கள். அந்தச் செழிப்பில் பெரும்பகுதி மான் வாய் வைக்காத இலை.

ஆடு மாடு தின்றால் செத்துவிடுமா?

சாகலாம். இலையில் லாண்டடீன் என்ற நச்சு இருக்கிறது. அது ஈரலைத் தாக்கும். உள்ளூர் மாடுகள் பொதுவாக இதை ஒதுக்கிவிடும். வறட்சியில் வேறு பச்சை இல்லாதபோதும், வெளியூரிலிருந்து புதிதாக வந்த மாடு பசியோடு இருக்கும்போதும்தான் ஆபத்து. தீனி எடுக்காமல் நிற்கும், சாணி இறுகும், கண்ணும் ஈறும் மஞ்சளிக்கும். பிறகு வெயில் பட்ட இடத்தில் தோல் வெந்து உரியும். வெள்ளைத் தோலும் மூக்கு நுனியும் முதலில் பாதிக்கப்படும்.

இப்படிக் கண்டால் மாட்டை உடனே நிழலில் கட்டிவிட்டு கால்நடை மருத்துவரை அழையுங்கள். தின்ற இலை முதல் வயிற்றிலேயே தங்கி நச்சை விட்டுக்கொண்டிருக்கும் என்பதால் ‘நாளைக்குப் பார்ப்போம்’ என்று தள்ளுவது தவறு.

நாங்கள் சின்ன வயதில் பழத்தைத் தின்றுதானே வளர்ந்தோம்?

நானும் தின்றிருக்கிறேன். நன்றாகக் கறுத்த பழத்தை மலைப்பிள்ளைகள் தின்பது வழக்கம். பச்சைக் காய் நஞ்சு. காய்க்கும் பழத்துக்கும் வித்தியாசம் தெரியாத மூன்று வயதுக் குழந்தை இருக்கும் வீட்டில் இந்தச் செடி வேண்டாம். குழந்தை பச்சைக் காயைத் தின்றுவிட்டால் கைவைத்தியம் பார்க்காமல் உடனே மருத்துவமனைக்குப் போங்கள். ஒரு கிளையையும் கையோடு கொண்டு போங்கள்.

வருடா வருடம் ஆள் வைத்து வெட்டுகிறேன். போகவே மாட்டேன் என்கிறது. என்ன தப்பு?

வெட்டுவதுதான் தப்பு. என் இரண்டு வருடக் கூலி போனது இதில்தான். முதல் வருடம் எட்டு ஆட்களை விட்டு வெட்டரிவாளால் தரைமட்டத்துக்கு வெட்டினேன். நிலம் மொட்டையாக, பார்க்கவே நிம்மதியாக இருந்தது. இரண்டு மழைக்குப் பிறகு ஒவ்வொரு அடிக்கட்டையிலிருந்தும் ஐந்து, ஆறு துளிர். ஒரு தண்டு இருந்த இடத்தில் ஒரு குடை. அடுத்த வருடமும் அதையே செய்தேன் என்பதைச் சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது.

தண்டும் வேரும் சேரும் கழுத்துப் பகுதியில், மண்ணை ஒட்டியும் அதற்குச் சற்றுக் கீழேயும் துளிர்க்கும் மொட்டுகள் உறங்கிக்கொண்டிருக்கின்றன. மேலே வெட்டுவது அவற்றை எழுப்பிவிடுவதற்குச் சமம். தேயிலை புதிதாகத் துளிர்க்க மேலே வெட்டிவிடுவதைக் கவாத்து என்பார்கள்; அதைச் செய்பவர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். நாம் உண்ணிக்குக் கூலி கொடுத்துக் கவாத்து செய்துகொண்டிருந்தோம்.

அப்படியானால் முழு வேரையும் தோண்டி எடுக்கவேண்டுமா? அது நடக்கிற காரியமா?

முழு வேர் தேவையில்லை. இதுதான் எனக்குக் கடைசியாகப் புரிந்த விஷயம். டெல்லிப் பல்கலைக்கழகப் பேராசிரியர் சி. ஆர். பாபுவும் அவருடன் பணியாற்றியவர்களும் கார்பெட் புலிகள் காப்பகத்தில் செய்துகாட்டிய முறை இது. முன் பதிலில் சொன்ன துளிர்க்கும் கழுத்துக்குக் கீழே மூல வேரை அறுத்துவிட்டால், மண்ணுக்குள் மிச்சமிருக்கும் வேரால் மறுபடி கிளம்ப முடியாது.

நாங்கள் செய்வது இப்படி. முதலில் ஒரு நீளக் கழியால் புதரைத் தட்டி, பாம்போ பறவைக் கூடோ இருக்கிறதா என்று பார்ப்போம். கூட்டில் குஞ்சு இருந்தால் அந்தப் புதரை ஒரு மாதம் விட்டுவிடுவோம். பிறகு ஒருவர் கவட்டைக் கழியால் கிளைகளை ஒரு பக்கமாகத் தூக்கிப் பிடிப்பார். மற்றவர் அடியில் குந்தி, மண்ணைச் சற்று விலக்கி, தரைக்கு மூன்று நான்கு விரற்கடை கீழே பிக்காசின் தட்டை அலகால் சரிவாகப் போடுவார். மண் ஈரமாக இருந்தால் இரண்டு மூன்று போட்டில் சத்தம் ‘டொக்’ என்று மாறும். வேர் அறுந்துவிட்டது என்று அர்த்தம். புதர் அப்படியே சாயும்.

சாய்ந்ததை விட்டுவிட்டு அடுத்ததற்குப் போய்விடக்கூடாது. தலைகீழாகக் கவிழ்த்து, அறுந்த கழுத்து வானத்தைப் பார்க்கும்படி வைக்கவேண்டும். தண்டு ஈர மண்ணைத் தொட்டால் அந்த இடத்திலேயே வேர் விடும் குணம் இதற்கு உண்டு. மறுநாள் வந்து, தொட்டுக்கொண்டிருக்கும் கிளை ஏதாவது இருக்கிறதா என்று ஒரு சுற்று பாருங்கள். முழங்கை உயரத்துக்குக் கீழான கன்றுகளுக்குக் கருவியே வேண்டாம். மழைக்குப் பிறகு கையால் பிடுங்கினால் வந்துவிடும். தோல் கையுறையும் முழுக்கைச் சட்டையும் கட்டாயம்.

எந்த மாதத்தில் இந்த வேலையை வைத்துக்கொள்வது?

இரண்டு விஷயங்கள் பொருந்தவேண்டும்: மண் ஈரமாக இருக்கவேண்டும், செடியில் பழுத்த பழம் இருக்கக்கூடாது. எங்கள் பக்கம் கோடை மழை இரண்டு பெய்தபிறகு, தென்மேற்குப் பருவமழை வலுப்பதற்குள் கிடைக்கும் இடைவெளி தோதானது. ஈரம் இருக்கும்வரை பூத்துக்கொண்டே இருக்கும் செடி இது, ஆகவே பழமே இல்லாத நாளுக்குக் காத்திருந்தால் நாள் வராது. பழம் இருந்தால் முதலில் கொத்துகளைச் சாக்கில் பறித்துக்கொண்டு பிறகு புதரில் கை வையுங்கள்.

ஜேசிபி வைத்தால் ஒரே நாளில் முடிந்துவிடுமே?

ஒரே நாளில் முடியும், அடுத்த மழையில் ஆரம்பிக்கும். இயந்திரம் மேல்மண்ணைப் புரட்டி, அதில் பல வருடங்களாகக் கிடக்கும் விதைகளுக்கு வெளிச்சம் காட்டிவிடும். நொறுங்கிய தண்டுத் துண்டுகளையும் மண்ணோடு கலந்துவிடும். சமவெளியில் பெரிய பரப்பு என்றால் யோசிக்கலாம். மலைச்சரிவில் வேண்டவே வேண்டாம். செடியோடு மண்ணும் இறங்கிவிடும். கையால் எடுப்பதானாலும் சரிவில் ஒரே மூச்சில் மொட்டையடிக்காமல், குறுக்குப் பட்டைகளாகப் பிரித்து ஒன்றுவிட்டு ஒன்று எடுங்கள்.

தீ வைத்தால் என்ன?

மேலே எரியும், கழுத்து பிழைக்கும், துளிர் வரும். போதாக்குறைக்கு, உண்ணிப் புதர் மரத்தின்மேல் தொற்றி ஏறியிருக்கும் இடங்களில் தரைத் தீயை ஏணிபோல் மரத்தலைக்கு ஏற்றிவிடும். காட்டை ஒட்டிய நிலத்தில் தீ வைப்பது சட்டச் சிக்கலும்கூட.

இதற்கு எதிர்வாதம் ஒன்று உண்டு. கர்நாடகத்தின் பிலிகிரிரங்கன் மலையில் வாழும் சோளகர் பழங்குடியினர், முன்பு கோடையின் தொடக்கத்தில் சருகை மட்டும் எரிக்கும் சிறு தீ வைத்துவந்ததாகவும், அது தடுக்கப்பட்டபிறகே உண்ணி பெருகியதாகவும் சொல்கிறார்கள். அந்த அனுபவ அறிவை நான் மதிக்கிறேன். ஆனால் அது இளங்கன்றுகளைக் கருக்கிய தீ. ஆளுயரப் புதரில் இன்று நாம் கொளுத்தும் தீ வேறு.

களைக்கொல்லி? உப்பு? மண்ணெண்ணெய்?

உப்பும் மண்ணெண்ணெயும் மண்ணைக் கெடுக்கும். களைக்கொல்லியை வெட்டிய கட்டையில் உடனே தடவினால் வேலை செய்யும் என்பது உண்மை. ஆனால் இங்கே அதிகம் பேசப்படும் கிளைஃபோசேட்டைப் பூச்சிக்கட்டுப்பாட்டுத் தொழில் உரிமம் உள்ளவர்கள் மூலமாக மட்டுமே பயன்படுத்தலாம் என்று ஒன்றிய அரசு 2022-இல் அறிவிப்பு வெளியிட்டது. எங்கள் சரிவில் அடிப்பதெல்லாம் கீழே ஊற்றில் போய்ச் சேரும். பிக்காசால் முடிகிற வேலைக்கு எனக்கு இது தேவைப்படவில்லை.

இதை மட்டும் தின்னும் பூச்சி இருக்கிறதாமே, அதை விட்டால் என்ன?

விட்டு நூறு வருடங்கள் ஆயிற்று. 1902-இல் ஹவாய்த் தீவுகளுக்காகப் பூச்சியியலாளர் ஆல்பர்ட் கோபெலே மெக்சிகோவில் பூச்சி சேகரித்தார். களையைப் பூச்சியால் ஒழிக்கும் முயற்சிகளில் உலகின் முன்னோடிகளுள் ஒன்று அது. இந்தியாவுக்கு 1921-இல் காயைத் துளைக்கும் ஓர் ஈயும், 1941-இல் இலைச் சாற்றை உறிஞ்சும் வலைப்பூச்சியும் கொண்டுவரப்பட்டன. வலைப்பூச்சி தேக்கையும் கடிக்குமோ என்ற அச்சத்தில் டேராடூன் வன ஆராய்ச்சி நிலையத்தில் அதை அழிக்க முடிவுசெய்தார்கள். அதற்குள் அது வெளியேறிப் பரவிவிட்டது.

இரண்டையும் உங்கள் புதரிலேயே பார்க்கலாம். இலையின் மேல்பக்கம் வெளிறிய புள்ளிகளாக இருந்தால் திருப்பிப் பாருங்கள்; கண்ணாடித் துணி போர்த்தியதுபோல் பழுப்பில் மிகச் சிறிய பூச்சிகள் ஒட்டியிருக்கும். பழத்தைப் பிதுக்கினால் சிலவற்றுக்குள் புழு நெளியும். பூச்சிகள் பிழைத்துவிட்டன, செடியும் பிழைத்துவிட்டது. மேலே சொன்ன கலப்புதான் முக்கியக் காரணம்: ஒரு வகையை விரும்பும் பூச்சி அடுத்த வகையைத் தொடாது. இலையை இழந்தாலும் மழை வந்ததும் செடி மீண்டுவிடும்.

வெட்டிப் போட்டதை உரக்குழியில் போடலாமா?

இலையும் மெல்லிய தண்டும் காய்ந்தபிறகு போடலாம், மூடாக்காகவும் பரப்பலாம். பழக்கொத்தைப் போடாதீர்கள், வீட்டு உரக்குழியின் சூடு விதையைக் கொல்லும் என்று நம்ப முடியாது. கருப்புப் பிளாஸ்டிக் பையில் கட்டி வெயிலில் பல வாரம் போட்டு அவித்துவிடுங்கள். கட்டைகள் நல்ல விறகு. மாடு எட்டும் இடத்தில் மட்டும் எதையும் காயவைக்காதீர்கள்; காய்ந்த இலையிலும் நஞ்சு இருக்கும்.

இதில் நாற்காலி, யானை எல்லாம் செய்கிறார்களே. எல்லோரும் வாங்கினால் தானாகவே தீர்ந்துவிடாதா?

செய்வது உண்மை, நன்றாகவும் செய்கிறார்கள். தண்டை வேகவைத்துப் பட்டையை உரித்தால் பிரம்புபோல் வளையும். நீலகிரிப் பழங்குடி மக்கள் இப்படி நிஜ அளவிலேயே செய்த யானைகள் 2021-இல் லண்டன் பூங்காக்களில் நின்றன. எங்கள் ஊர்ப் புதரை அங்கே அரசப் பூங்காவில் நிறுத்தியதைப் படத்தில் பார்த்தபோது சிரிப்பும் வந்தது, பெருமையும் வந்தது.

ஆனால் கைவினைக்குத் தேவை நேரான, நீளமான தண்டு. அதை வெட்டி எடுத்தால் அடிக்கட்டை துளிர்க்கும். நான் இரண்டு வருடம் செய்த தப்பேதான். தண்டை எடுப்பவர் வேரையும் அறுத்துவிட்டுப் போனால் நல்லது. கூலி வேலைக்கு அது வருமானம் சேர்க்கும் என்ற அளவில் ஆதரிக்கிறேன். இதனால் காடு காலியாகும் என்று எதிர்பார்க்கவில்லை.

நர்சரியில் வாங்கிய குட்டை லாண்டனா மலட்டு வகை என்றார்கள். வைத்துக்கொள்ளலாமா?

ஊதாப் பூவோடு தரையில் படரும், முள்ளில்லாத இனம் வேறு, லாண்டனா மாண்டிவிடென்சிஸ். அது பெரும்பாலும் காய்ப்பதில்லை. மற்றக் குட்டை வகைகளில் விற்பவர் வாக்கை நம்பாமல் செடியைக் கேளுங்கள்: பூ உதிர்ந்த காம்பில் பச்சை மணிகள் திரள்கின்றனவா? திரண்டால் மலடு இல்லை. திரளாவிட்டாலும், அதன் மகரந்தம் பக்கத்துக் காட்டுச் செடியோடு சேரக்கூடும். சென்னையில் மாடியில் ஒரு தொட்டி என்றால் நான் சண்டைக்கு வரமாட்டேன். காட்டை ஒட்டிய ஊர்களில், குறிப்பாகச் சுற்றுலா விடுதிகளின் முகப்பில், இதை நடுவது எனக்குக் கோபம் வரும் விஷயம்.

கஷ்டப்பட்டு எடுத்தேன். இப்போது அந்த இடம் முழுக்கப் பார்த்தீனியம். எடுக்காமலே இருந்திருக்கலாமோ?

இந்தக் கேள்வியைக் கேட்பவர்கள் குரலில் இருக்கும் சலிப்பு எனக்குத் தெரியும். புதர் போனதும் வெறும் மண்ணும் முழு வெளிச்சமும் கிடைக்கிறது. முதலில் வருவது களைதான். எனவே எடுக்கத் தொடங்கும்முன்பே அங்கே என்ன வைப்பது என்று முடிவாகியிருக்கவேண்டும். நான் செய்த வரிசை: ஒரு குறுக்குப் பட்டையில் புதரை எடுத்த வாரமே, காய்ந்த உண்ணித் தழையை மூடாக்காகப் போட்டு, பக்கத்து மேட்டில் விளைந்திருந்த உள்ளூர்ப் புல்லின் விதையைத் தூவினேன். மழை பிடித்ததும் நடுவில் கன்றுகள்.

வேலிக்கு நொச்சியும் ஆடாதொடையும் போத்து (கிளைத் துண்டு) வைத்தாலே பிடிக்கும், ஆடு கடிக்காது. காய்ந்த சரிவில் விராலியும் ஆவாரையும் நிற்கும். பட்டாம்பூச்சி போய்விடும் என்று வருந்துபவர்கள் வெட்சியும் கிலுகிலுப்பையும் வையுங்கள். மேலே ஊட்டிப் பக்கத்துக்காரர்களுக்கு இந்தப் பட்டியல் பொருந்தாது. உறைபனி விழும் அந்தப் புல்வெளிகளில் தொல்லை உண்ணியைவிட ஸ்காட்ச் புரூம், கார்ஸ் புதர்களால்தான் அதிகம்.

என் நிலத்துக்குப் பின்னால் காப்புக்காடு. அங்கே முழுக்க உண்ணி. உள்ளே போய் நானே எடுக்கலாமா?

கூடாது. காப்புக்காட்டில் அனுமதியின்றி நுழைவதும் செடியை எடுப்பதும் குற்றம்; புதருக்குள் கரடியோ காட்டுமாடோ படுத்திருந்தால் குற்றத்தைவிடப் பெரிய சிக்கல். தமிழக அரசு 2022-இல் அயல் ஊடுருவல் தாவரங்களை அகற்றிக் காட்டை மீட்கக் கொள்கை ஒன்றை வெளியிட்டிருக்கிறது. அதைச் சுட்டிக்காட்டி, எல்லையோரம் சுத்தம் செய்யும்படி வனச்சரக அலுவலகத்தில் எழுத்தில் மனு கொடுங்கள். கிராமமாகச் சேர்ந்து கொடுத்தால் இன்னும் நல்லது.

பக்கத்து நிலத்துக்காரர் எடுக்கவே மாட்டேன் என்கிறார். பறவை விதையைக் கொண்டுவந்து போட்டுக்கொண்டே இருக்குமே. நான் மட்டும் எடுத்து என்ன பயன்?

பறவை கொண்டுவரும், அதைத் தடுக்க முடியாது. ஆனால் கொண்டைக்குருவியும் மைனாவும் கண்ட இடத்தில் விதையைப் போடுவதில்லை. உட்காரும் இடத்தில் போடுகின்றன. மரத்தடி, மின்கம்பத்தடி, வேலிக்கல்லின் அடி. நிலம் முழுவதையும் காவல் காக்கவேண்டியதில்லை, இந்தச் சில இடங்களைப் பார்த்தால் போதும். பழைய விதையும் சில வருடங்களுக்கு முளைத்துக்கொண்டிருக்கும் என்பதால் முதல் மூன்று வருடம் தவறவிடாதீர்கள்.

என் பக்கத்து வேலியில் இன்றும் உண்ணி பூத்துக் குலுங்குகிறது. ஆடியில் ஒருநாள், தையில் ஒருநாள் காலையில் காப்பி குடித்துவிட்டு என் பக்கத்துப் பலா மரத்தடிக்கும் மூன்று கம்பங்களுக்கும் போய்வருவேன். சென்ற தையில் பதினேழு நாற்று வந்தது, பதினாறு பலாவுக்கு அடியில். பிடுங்கி முடிக்கும்வரை மரத்தின்மேல் ஒரு கொண்டைக்குருவி கத்திக்கொண்டே இருந்தது.